சிலேட்டைப் பிடுங்காதீர்கள்

“கணக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பேப்பரும் பேனாவும் போதும். கம்ப்யூட்டர் எதுக்கு?”

வேலூரைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் கணிதத் துறை அறைகளில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. சொல்கிறவர்கள் வேலைக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர். ஒரு தேற்றத்தைக் குறிப்பு எதுவும் பார்க்காமல் முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரை கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய நல்லாசிரியர்கள். அவர்கள் வாயிலிருந்து வருவதால்தான் மாணவர்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

கணியம்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்து என்னிடம் படித்தாள் ஓர் எம்.எஸ்சி. மாணவி. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். வீட்டில் கணினி கிடையாது. கையில் இருந்தது ஒரு போன்தான். சேஜ்மேத் என்ற கட்டற்ற கணித மென்பொருளை, எதையும் நிறுவாமல், போனின் உலாவியிலேயே திறந்து வைத்துக்கொண்டு யங் அட்டவணைகளை எண்ணினாள்.

யங் அட்டவணை ஒன்றும் மிரட்டும் சங்கதி அல்ல. 5 கட்டங்களை இடப்பக்கம் ஒட்டி வரிசை வரிசையாக அடுக்குங்கள்; கீழ் வரிசை மேல் வரிசையைவிட நீண்டுவிடக் கூடாது. அந்தக் கட்டங்களில் 1 முதல் 5 வரையுள்ள எண்களை, இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஏறிக்கொண்டே போகும்படி நிரப்புங்கள். அடுக்கும் வடிவங்கள் 7. அவற்றை நிரப்பும் வழிகள் முறையே 1, 4, 5, 6, 5, 4, 1. கூட்டினால் 26. இந்த எண்களை ஒவ்வொன்றாக வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 120 வரும். அதாவது 5 பேரை வரிசையில் நிறுத்தும் வழிகளின் எண்ணிக்கை. கட்டங்களை எண்ணும் விளையாட்டுக்கும் இயற்கணிதத்தின் குலங்களுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது. அந்த உறவைத் தேடும் துறைதான் இயற்கணிதச் சேர்வியல்.

3 கட்டங்களுக்குக் கூட்டுத்தொகை 4, 4 கட்டங்களுக்கு 10, 5 கட்டங்களுக்கு 26 என்று அவள் கையால் போட்டுப் பார்த்திருந்தாள். 6க்கு 76, 7க்கு 232 என்று மென்பொருள் சொன்னது. இந்த ஐந்து எண்களையும் நோட்டில் எழுதி இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் வந்து, “சார், 76ங்கிறது 26உம், 10ஓட 5 மடங்கும். 232ங்கிறது 76உம், 26ஓட 6 மடங்கும்” என்றாள். நான் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இந்த வேலைக்கான வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “இது நீ போட்டதா, மெஷின் போட்டதா?” அவளுக்கு வாய் எழவில்லை. மதிப்பெண் குறைந்தது. அதைவிட, தான் ஏதோ திருட்டு வேலை செய்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்று அவள் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். மெஷின் போட்டது 76, 232 என்ற இரண்டு எண்கள். அவற்றுக்குள் இருந்த உறவைக் கண்டது அவள். அது ஏன் என்று காட்டியதும் அவள். ராபின்சன், ஷென்ஸ்டெட் பெயரில் வழங்கும் முறைப்படி, இப்படி நிரப்பிய ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரு வரிசை மாற்றம் இணையாக நிற்கிறது. இருமுறை செய்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும் வகை மாற்றம். அதில் கடைசி ஆள் ஒன்று தன் இடத்திலேயே நிற்பார், இல்லையேல் மற்றவர்களில் ஒருவருடன் இடம் மாற்றிக்கொள்வார். 6 பேர் என்றால் மாற்றிக்கொள்ள 5 பேர் இருக்கிறார்கள். அந்த ‘5 மடங்கு’ அங்கிருந்துதான் வந்தது. இது நெடுங்காலமாக அறியப்பட்ட முடிவு. ஆனால் புத்தகத்தில் ஒரு முடிவைப் படித்து ஒப்பிப்பவர் மாணவர். எண்களை உற்றுப் பார்த்து அதைத் தானே கண்டெடுப்பவர் ஆராய்ச்சியாளர். அவள் அந்த வாசற்படியைத் தாண்டியிருந்தாள். தாண்டியதற்காக நாம் அவளைத் தண்டித்தோம்.

இந்தத் தண்டனைக்குப் பின்னால் நான்கு நம்பிக்கைகள் இருக்கின்றன. எந்திரம் மூளையை மழுங்கடிக்கும் என்பது முதலாவது. இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்காது என்பது இரண்டாவது. இது கணினித் துறைக்காரர் வேலை என்பது மூன்றாவது. இதெல்லாம் சென்னைக்காரர்களுக்கு, நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்பது நான்காவது. நான்கும் தவறு.

மூளை மழுங்கும் என்பவர்கள் உடனே ராமானுஜனைச் சாட்சிக்கு அழைப்பார்கள். “ராமானுஜன் என்ன கம்ப்யூட்டரா வைத்திருந்தார்?” வைத்திருந்தார் என்பதே என் பதில். அந்தக் கணினியின் பெயர் மேஜர் மெக்மஹோன்.

பெர்சி மெக்மஹோன் பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி. 1873இல் அவரை முதலில் அனுப்பிய இடம் சென்னை. பின்னாளில் சேர்வியலின் பெரிய ஆசானாக ஆனார். ஓர் எண்ணை எத்தனை வழிகளில் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்று கணக்கிட்டவர் அவர். 4ஐ 5 வழிகளில் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. இப்படி 1 முதல் 200 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஆய்லரின் சூத்திரத்தை வைத்துக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டார். 200க்கான விடை 39,72,99,90,29,388. கிட்டத்தட்ட நான்கு லட்சம் கோடி.

அந்த அட்டவணையை ராமானுஜன் பார்த்தார். 4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490, 24க்கு 1575. 4இல் தொடங்கி ஐந்து ஐந்தாகத் தாவினால் எல்லா விடைகளும் 5ஆல் வகுபடுகின்றன. அதுபோலவே 7க்கும் 11க்கும் தனித்தனி ஒழுங்குகள் இருப்பதையும் கண்டார். மெக்மஹோனின் அட்டவணையிலிருந்தே இவற்றைக் கவனித்ததாக 1919இல் வெளியான தன் கட்டுரையில் அவரே பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியும் அவரும் 1918இல் வெளியிட்ட புகழ்பெற்ற சூத்திரத்தையும் அந்த அட்டவணையோடு ஒப்பிட்டே சரிபார்த்தார்கள். 100க்குச் சூத்திரத்தின் முதல் ஆறு உறுப்புகள் தந்தது 190569291.996. அட்டவணையில் இருந்தது 190569292. அந்த எண் அங்கே இல்லாதிருந்தால், சூத்திரம் இவ்வளவு நெருங்கி வருகிறது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அட்டவணையைப் போட்டவர் ஒருவர், பார்த்தவர் இன்னொருவர். அதனால் ராமானுஜனின் மூளை மழுங்கியதா? “இது நீ போட்டதா, மெக்மஹோன் போட்டதா?” என்று அவரை யாராவது கேட்டார்களா? எண்களைத் திரட்டுவது ஒரு வேலை, அவற்றுக்குள் ஒழுங்கைக் காண்பது வேறு வேலை. முதல் வேலைக்கு அன்று ஒரு பீரங்கிப் படை மேஜரின் உழைப்பு தேவைப்பட்டது. இன்று அதே 200 எண்களையும் ஒரு கல்லூரி மாணவியின் போன் கண் இமைப்பதற்குள் தந்துவிடுகிறது. இரண்டாம் வேலை அன்றும் மனிதருடையதுதான், இன்றும் மனிதருடையதுதான்.

இது பழங்கதையோடு முடிந்ததும் அல்ல. 1980களின் தொடக்கத்தில் மில்ஸ், ராபின்ஸ், ரம்சி என்ற மூன்று கணிதர்கள் ஒரு வகை அணிகளை எண்ணினார்கள். உறுப்புகள் 0, 1, -1 மட்டும். ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் கூட்டுத்தொகை 1. பூச்சியமல்லாதவை குறி மாறி மாறி வர வேண்டும். கணினியில் கணக்கிட்டபோது வந்த எண்கள் 1, 2, 7, 42, 429, 7436. இந்த எண்களை வைத்தே அவர்கள் ஓர் அழகான பெருக்கல் சூத்திரத்தை ஊகித்தார்கள். அதை நிரூபிக்கக் கணித உலகத்துக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. டோரான் சைல்பெர்கரின் நிரூபணத்தைப் பகுதி பகுதியாகச் சரிபார்க்கவே ஏறத்தாழ 90 பேர் தேவைப்பட்டார்கள். 1996இல் கிரெக் குப்பர்பெர்க் இயற்பியலின் பனிக்கட்டி மாதிரியைக் கொண்டுவந்து இன்னொரு சுருக்கமான வழி காட்டினார். கணினி தந்த ஆறேழு எண்கள் எத்தனை மூளைகளுக்கு எத்தனை ஆண்டு வேலை கொடுத்தன என்று பாருங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கணிதம்கூட வேண்டியதில்லை. கணியம்பாடி என்ற பெயர் உலகின் மருத்துவ ஆய்விதழ்களில் இடம்பெற்றிருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை, பாகாயத்தில் இருந்துகொண்டு, பல பத்தாண்டுகளாகக் கணியம்பாடி ஒன்றியத்தின் கிராமங்களில் பிறப்பையும் இறப்பையும் கர்ப்பத்தையும் நோயையும் பதிவு செய்துவருகிறது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிய பதிவேடு அது. அந்தப் பதிவேட்டிலிருந்து ஓர் உண்மையைக் கண்டறிந்த மருத்துவரைப் பார்த்து, “இது நீங்கள் கண்டதா, பதிவேடு கண்டதா?” என்று யாரும் கேட்பதில்லை. பதிவேடு இல்லாமல் அவர் அந்த உண்மையைக் கண்டிருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். கணிதத்துக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

மறுதரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கையால் ஓர் அட்டவணைகூட நிரப்பாதவருக்கு மென்பொருள் தரும் எண் வெறும் எண்தான். என் வகுப்பில் 5 கட்டங்கள் வரை கையால்தான் போட வேண்டும். எந்திரம் ஆறிலிருந்துதான் வரும். எண்கள் ஒழுங்காகத் தெரிவதாலேயே நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்லித்தருகிறேன். வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து எல்லாவற்றையும் கோடுகளால் இணைத்தால் வட்டம் 1, 2, 4, 8, 16 துண்டுகளாகும். ஆறாம் புள்ளியில் 32 வருமென்று எல்லோரும் நினைப்பார்கள், அதிகபட்சம் வருவது 31. ஒழுங்கைக் காட்டிய எந்திரமே அந்த ஒழுங்கு உடையும் இடத்தையும் காட்டும். ஐந்தோடு நிறுத்திக்கொண்டவர்தான் 32ஐ நம்பிச் செத்துப்போவார்.

கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஒரே எண் திரும்ப வரக்கூடிய யங் அட்டவணைகளை எண்ணும் கோஸ்ட்கா எண்களை, 7 கட்டங்களுக்கு, 15 வரிசை 15 நிரல், முழுக்கக் கையால் போட்டேன். ஒரு மூலையில் 3 வர வேண்டிய இடத்தில் 2 எழுதிவிட்டேன். அந்த ஒரு தவறான எண்ணிலிருந்து ஓர் ஊகம் முளைத்தது. அதை நிரூபிக்க மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நண்பர் ஜிஏபி என்ற மென்பொருளில் அதே அட்டவணையைப் போட்டுக் காட்டியபோது, தவறு அங்கே அப்பட்டமாக நின்றது. இழந்த மாதங்களில் என் மூளை கூர்மையாகவில்லை. சோர்ந்துதான் போனது.

இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். “இலவசமாக் கிடைக்கிறது எப்படி இருக்கும்? காசு கொடுத்து வாங்குறதுதானே நம்பகமா இருக்கும்?”

ஆங்கிலத்தில் விலை இல்லாததற்கும் விலங்கு இல்லாததற்கும் ஒரே சொல்தான். அதனால் அவர்கள் குழம்புகிறார்கள். தமிழில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. இலவசம் என்போம், அரசாங்கம் விலையில்லா என்று எழுதும்; ஆனால் இந்த வகை மென்பொருளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் கட்டற்ற மென்பொருள். கட்டற்றது என்றால் உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று பொருள். சேஜ்மேத், ஜிஏபி, சிங்குலர், மெக்காலே2, பாரி ஆகியவை காசில்லாமல் கிடைப்பது அந்தக் கட்டற்ற தன்மையின் விளைவு. அதன் சாரம் அதுவல்ல. இவ்வளவு துல்லியமான சொல் நம்மிடம் இருக்க, நாம் ஏன் அதை ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்று சொல்லி மட்டம்தட்ட வேண்டும்?

தோல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். தோல் சதுரமாக இருப்பதில்லை. கால், கழுத்து, வயிறு என்று கோணல்மாணலாக நீண்டிருக்கும். அதை அளப்பதற்கென்றே எந்திரம் இருக்கிறது. விற்பவர், “என் எந்திரம் இத்தனை அடி சொல்லுது, ஆனா அதை நீங்க சோதிக்கக் கூடாது, திறந்தும் பார்க்கக் கூடாது” என்றால் எந்த வியாபாரி வாங்குவார்? அளவு எவ்வளவு என்பதைவிட, அளவுகோலைச் சோதிக்க வாங்குபவருக்கு உரிமை உண்டா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

கணிதத்தில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. நிரூபணம் என்றாலே எந்தப் படியையும் யாரும் சோதிக்கலாம் என்று பொருள். ஒரு படி பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் அது நிரூபணமே அல்ல. ஜிஏபியைத் தோற்றுவித்தவர் ஜெர்மனியின் ஆகன் நகரக் குலக் கோட்பாட்டாளர் யோவாகிம் நியூபியூசர். 1986இல் அந்தப் பணியைத் தொடங்கினார். குலக் கோட்பாட்டின் சைலோ தேற்றத்தை நூலகத்தில் எடுத்து, நிரூபணத்தோடு படித்து, வாழ்நாள் முழுவதும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்; அதே கணிதத்தைச் செய்யும் மென்பொருளுக்கு மட்டும் உரிமக் கட்டணம் கட்டு, உள்ளே பார்க்காதே என்றால் கணிதத்தின் அடிப்படை நெறியே மீறப்படுகிறது என்று 1990களில் அவர் வாதிட்டார். அதை யாரும் இன்றுவரை மறுத்துக் காட்டவில்லை.

காசு கொடுத்தால் நம்பிக்கை வந்துவிடுமா? 2014இல் ஸ்பெயின் நாட்டுக் கணிதர்கள் டுரான், பெரெஸ், வரோனா மூவரும் தங்களுக்கு நேர்ந்ததை அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் எழுதினார்கள். பெரிய முழு எண்களைக் கொண்ட அணிகளின் அணிக்கோவையைக் கணக்கிட, விலை கொடுத்து வாங்கும் மேத்தமேட்டிகா தவறான விடை தந்தது. ஒரே அணியை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு வெவ்வேறு விடைகள்கூட வந்தன. தவறு தங்கள் கணிதத்தில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்று அவர்கள் அலைந்தார்கள். பிழை எந்த மென்பொருளிலும் வரும், கட்டற்றவற்றிலும் வருகிறது. வேறுபாடு இதுதான்: கட்டற்றதில் பிழை பகிரங்கமாகப் பதிவாகிறது, திருத்தியது யார், எந்த வரியில் என்று எவரும் பார்க்கலாம். பூட்டியதில் நிறுவனம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

கட்டணத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஃபுளோரான் இவேர், நிகோலா தியெரி என்ற பிரெஞ்சுச் சேர்வியலாளர்கள் 2000இல் தங்கள் துறைக்கான கருவிகளை மியூபேட் என்ற வணிக மென்பொருளின்மேல் கட்டத் தொடங்கினார்கள். 2008இல் முழுவதையும் சேஜுக்குக் குடிபெயர்த்தார்கள். அதே ஆண்டு மியூபேட் நிறுவனம் வேறு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. தனி மென்பொருளாக அதன் விற்பனை நின்றது. அடுத்தவர் மனையில் வீடு கட்டியவர்கள் அங்கேயே இருந்திருந்தால் எட்டு ஆண்டு உழைப்பு என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது நம்பிக்கை, “இது சி.எஸ். டிபார்ட்மெண்ட் வேலை” என்பது. இந்த மென்பொருள்களை எழுதியவர்கள் யார்? நியூபியூசர் குலக் கோட்பாட்டாளர். 2005இல் சேஜை வெளியிட்ட வில்லியம் ஸ்டைன் எண் கோட்பாட்டாளர். மெக்காலே2வை எழுதிய கிரேசனும் ஸ்டில்மனும் இயற்கணிதம், இயற்கணித வடிவியல் ஆய்வாளர்கள். சேஜில் சமச்சீர்ச் சார்புகளையும் படிகங்களையும் கொண்டுவந்தவர்கள் அவற்றைத் தங்கள் ஆராய்ச்சிக்காகவே எழுதிய சேர்வியலாளர்கள். தச்சர் தன் உளியைத் தானே தீட்டிக்கொள்வதை எந்தத் துறை வேலை என்று கேட்பீர்கள்?

நிரல் எழுதுவதே ஒரு கணிதப் பயிற்சி. முன்னே சொன்ன ராபின்சன், ஷென்ஸ்டெட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 3, 1, 2 என்ற வரிசை. 3 முதலில் அமர்கிறது. 1 வருகிறது; தன்னைவிடப் பெரிய 3ஐ எழுப்பிவிட்டு அதன் இடத்தில் உட்கார்கிறது; எழுப்பப்பட்ட 3 அடுத்த வரிசைக்குப் போகிறது. 2 வருகிறது, தன்னைவிடப் பெரியது முதல் வரிசையில் இல்லை, ஆகவே 1க்குப் பக்கத்தில் அமர்கிறது. கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரே எண் இரண்டு முறை வந்தால்? சமமானதை எழுப்ப வேண்டுமா, கூடாதா? தாளில் எழுதும் மாணவர் இந்த இடத்தை வழுக்கிக்கொண்டு தாண்டிவிடுவார். நிரல் எழுதுகிறவர் தாண்ட முடியாது. எந்திரத்துக்கு ‘முதலியன’ என்ற சொல் தெரியாது. ‘கண்டிப்பாகப் பெரியது’ என்ற இரண்டு சொற்களின் எடை என்ன என்பதை, பத்து முறை மனப்பாடம் செய்தும் பெறாத தெளிவோடு, ஒரு தப்பான விடை அவருக்குக் கற்றுக்கொடுத்துவிடும்.

இப்போது சிலர் புதிதாக இன்னொன்றும் சேர்க்கிறார்கள்: “எல்லாம் ஏஐ சொல்லிடுமே, இதை எதுக்குப் படிக்கணும்?” அது சொல்லும் விடை சரிதானா என்று பார்க்கவே இதைப் படிக்க வேண்டும். உரையாடும் எந்திரம் தவறான எண்ணையும் தயங்காமல் சொல்லும். 76ஆ, 78ஆ என்ற சண்டையைத் தீர்க்க எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணும் வழி எல்லோர் கண் முன்னும் இருக்க வேண்டும்.

நான்காவதுதான் என்னை அதிகம் வருத்துவது. “இதெல்லாம் ஐஐடி, சென்னைன்னு இருக்கிறவங்களுக்கு. நம்ம பிள்ளைங்க பாஸானாப் போதும்.” இதைச் சொல்கிறவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அக்கறை ஒரு கதவைச் சாத்துகிறது.

கணிதர் எம்.எஸ். நரசிம்மன் எந்த ஊர்? வேலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தண்டரை கிராமம். 1932இல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பிறகு சென்னை லயோலாவில் பாதிரியார் ரசீனிடம் படித்து, சி.எஸ். சேஷாத்ரியோடு சேர்ந்து 1965இல் ஒரு தேற்றத்தை நிறுவினார். இன்று உலகம் முழுவதும் அதற்கு நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் என்றே பெயர். அதே சேஷாத்ரி பின்னாளில் லட்சுமிபாய், முசிலி ஆகியோருடன் வளர்த்த கோட்பாட்டின் மையத்தில் இருப்பவை, என் மாணவி போனில் எண்ணிய அட்டவணைகளின் நெருங்கிய உறவினர்களே. அவர் தொடங்கிய சென்னைக் கணிதவியல் கழகம் சிறுசேரியில் இருக்கிறது. தரமணியின் கணித அறிவியல் கழகத்தில் இயற்கணிதச் சேர்வியலுக்கு வலுவான ஆய்வுக் குழு இருக்கிறது; பிரெஞ்சு அறிஞர் சேவியர் வியன்னோ 2016 முதல் அங்கே நடத்திய நீண்ட விரிவுரைத் தொடர் காணொளியாக எவரும் பார்க்கக் கிடைக்கிறது. கணியம்பாடியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் தூரம். அது நமக்கு அந்நிய தேசமல்ல.

பெரிய ஆய்வு நிறுவனத்தில்தான் இது நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே மறுப்பு இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் வாசல் கோலத்தை எடுத்துக்கொண்டு, அதன் வடிவங்களை உருவாக்கும் இலக்கண விதிகளை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வை உலகம் இன்றும் எடுத்துக்காட்டுகிறது. புள்ளி வைத்துக் கம்பி இழுக்கத் தெரிந்த பெண்களின் அறிவு அங்கே கணிதமாயிற்று. கோலம் போடும் கை நம் வகுப்பில் இருக்கும் பெண்களிடமும் இருக்கிறது.

உண்மையில் நம் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கருவி அதிகம் தேவை. பெரிய நிறுவனத்து மாணவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் அடுத்த அறையில் ஒரு நிபுணர் இருப்பார், மாடியில் நூலகம் இருக்கும். இங்கே மாலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? தன் ஊகம் 8க்கும் பொருந்துகிறதா என்று இரவு ஒன்பது மணிக்கு அவள் யாரைக் கேட்பாள்? கட்டற்ற மென்பொருள் கேள்வி கேட்பவரின் ஊரையோ கல்லூரியையோ கேட்பதில்லை. தரமணியில் ஓடும் அதே சேஜ்தான் கணியம்பாடியிலும் ஓடுகிறது. ஆராய்ச்சிக் கருவிகளில் இப்படிச் சொல்லக்கூடியவை எத்தனை இருக்கின்றன?

வாய்ப்பை நாம் முன்பே ஒருமுறை தவறவிட்டிருக்கிறோம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கட்டற்ற கணித மென்பொருள்கள் இயல்பாகக் குடியேறக்கூடிய வீடு அது. அதைத் திறந்து காட்டிய கணித ஆசிரியர்கள் எத்தனை பேர்? நானும் காட்டவில்லை. என் மாணவர்கள் பலரிடம் அது படம் பார்க்கும் பெட்டியாகவே பழசானது. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

செய்ய வேண்டியவை நம் கைக்கு எட்டாதவை அல்ல. எம்.எஸ்சி. முதல் பருவத்திலேயே வாரம் ஒரு மணி நேரம் போதும்; புதுத் தாள் வேண்டியதில்லை, இருக்கும் இயற்கணிதத் தாளின் பயிற்சிகளையே சேஜிலும் ஜிஏபியிலும் செய்யச் சொல்லலாம். முனைவர் பட்ட ஆய்வேட்டில் எண் அட்டவணை இருந்தால் அதைத் தந்த நிரலும் பின்னிணைப்பில் இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். தேர்வாளர் அதை ஓட்டிப் பார்க்கட்டும். தமிழில் கையேடு வேண்டும். ‘கணியம்’ இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்லிக்கொடுத்துவருகிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் தமிழில் பாடங்கள் தருகிறது. கணிதக்காரர்கள் நாம் நம் பங்கை எழுதவில்லை. ஊர்ப்பெயரிலேயே கணியத்தை வைத்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்தப் பொறுப்பு கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்று நினைக்கிறேன்.

பேப்பரும் பேனாவும் போதும் என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ராமானுஜனிடம் போதிய பேப்பர் இருக்கவில்லை. விலை கட்டுபடியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டார், முழங்கையால் அழித்தார், முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். நடுவில் இருந்த படிகள் எல்லாம் முழங்கையோடு போயின. அந்த நோட்டுகளின் ஒவ்வொரு வரிக்கும் நிரூபணம் தேடிக் கணிதர் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட வேண்டியிருந்தது. ஏழ்மை அழித்த படிகளை மீட்க அத்தனை உழைப்பு. என் மாணவியின் கையில் இருந்ததும் ஒரு சிலேட்டுதான், விலையில்லாதது, கட்டற்றது. ஆனால் அது எதையும் அழிக்கவில்லை. அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், வந்த ஒவ்வொரு விடையும், விடை வந்த வழியும் அதில் அப்படியே இருந்தன. தேர்வாளர் கேட்டிருந்தால் முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்டிக் காட்டியிருப்பாள்.

அவர் கேட்கவில்லை. இந்த ஆண்டும் வாய்மொழித் தேர்வு வருகிறது. கேளுங்கள்.